ஒரு மடக்கு

...ஒரே ஒரு தடவைதான், அதில் சந்தேகமே இல்லை, அப்புறம் பொழுது சாய்கிற நேரத்தில் இன்னொரு தடவை கொடுத்தது போலவும் இருக்கிறதே, அது நடந்ததா, இல்லை தூக்கம் கெட்ட மூளை தானாகக் கட்டிவிட்ட கதையா... சரி, ஒன்றோ இரண்டோ, ஐந்து இல்லை, ஐந்து நிச்சயமாக இல்லை, என்று அவள் மறுபடியும் விரலை மடக்கினாள், மடக்கிய விரலைப் பார்த்து வெட்கப்பட்டு விரித்தும் கொண்டாள், நல்லவேளை அறையில் வேறு யாரும் இல்லை. ஹஜ்ரத் வீட்டில் பெண்கள் உட்காருவதற்கென்று ஒதுக்கிய சின்ன அறை அது, ஒரு பாய், ஒரு நாற்காலி, காற்று வருவதைவிடச் சத்தம் அதிகம் வரும் ஒரு மின்விசிறி, நடுவில் கனமான பச்சைத் திரை, திரைக்கு அந்தப் பக்கம் ஹஜ்ரத்தும் அவருடைய புத்தக அலமாரிகளும் மார்க்கச் சட்டம் கேட்க வந்த ஆண்களும். பெண்கள் இந்தப் பக்கமிருந்து கேட்டால் அவர் அந்தப் பக்கமிருந்து சொல்வார். எத்தனை வருஷமாக இந்தத் திரையைப் பார்க்கிறாள், நோன்பு விட்டுப்போனதற்கும் அத்தா விட்டுப்போன சொத்துக்கும் இங்கேதான் வந்து கேட்டிருக்கிறாள், ஒருநாளும் நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதில்லை. அடிக்காமல் என்ன செய்யும், இன்றைக்குக் கேட்க வந்திருப்பது ஹஜ்ரத்தின் மகனைப் பற்றி அல்லவா, அடுத்த மாதம் தன் மகளுக்கு மாப்பிள்ளை ஆகப்போகிறவனைப் பற்றி அல்லவா, அவன் கைக்குழந்தையாக இருந்தபோது நான் அவனுக்குப் பால் கொடுத்திருக்கிறேன் ஹஜ்ரத் என்று அவன் தகப்பனிடமே சொல்ல வேண்டுமே... தலைத்துணியைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டாள், வியர்வை கழுத்தில் வழிந்தது.

இத்தனை வருஷமாக இது தெரியாதா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது, கொடுத்தது தெரியும், கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் தெரியாது. பால் கொடுத்தவள் தாய்க்குச் சமம், அவள் பிள்ளைகள் எல்லாம் உடன்பிறப்புகள், கல்யாணம் கூடாது, இது பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி, ஆனால் அதெல்லாம் மாதக்கணக்கில் கொடுத்து வளர்த்தவர்களுக்கு என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள், அவசரத்துக்கு ஒருநாள் கொடுத்ததையெல்லாம் யார் கணக்கில் எடுத்தார்கள். போன வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் ஜும்ஆ பயானில், இதே ஹஜ்ரத், இதே கணீர்க் குரல், நம்ம மத்ஹபுல, நம்ம இமாம் வகுத்த சட்டவழியில, ஒரு தடவை போதும், ஒரு மடக்கு வயித்துக்குள்ள போனாலும் போதும் என்று சொன்னது ஒலிபெருக்கி வழியாக அவள் வீட்டு அடுக்களைக்குள் வந்து விழுந்தது, கையிலிருந்த கரண்டியும் விழுந்தது. பாப்பா ஓடிவந்து என்னம்மா என்றாள், ஒன்றுமில்லை, சூடு என்றாள், அடுப்பைப் பற்ற வைக்கவே இல்லை, மகள் அதைக் கவனிக்கவும் இல்லை, கல்யாணப் பெண்ணுக்குக் கண்ணா தெரியும். வந்த இரண்டு நல்ல வரன்களை இவனுக்காகவே வேண்டாம் என்றவள், ஒரு சத்தமில்லாமல், ஒரு சண்டையில்லாமல், காத்திருந்தே காரியத்தைச் சாதித்தவள், இப்போது வீட்டில் நடக்கும்போதுகூடக் கால் தரையில் படுவதில்லை.

அந்த மத்தியானம்... அப்போது இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். ஹஜ்ரத்தின் மனைவி, அக்கா என்றுதான் இவள் கூப்பிடுவாள், வயிற்று வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கேயே அறுவை சிகிச்சைக்குப் படுத்துவிட்டாள், ஹஜ்ரத் அன்றைக்கு ஹஜ்ரத்கூட இல்லை, மதரஸாவில் புதிதாகச் சேர்ந்த இளம் ஆசிரியர், கதறுகிற குழந்தையையும் ஒரு பாட்டிலையும் கொண்டுவந்து வாசலில் நின்றார், தலை நிமிராமல், கொஞ்ச நேரம் பார்த்துக்கோங்க தங்கச்சி, நான் ஆஸ்பத்திரி போய்ட்டு வந்துடறேன் என்றார். மாமியார் பாட்டிலைக் கண்ணால் அளந்தார், அதைக் கொடு, உன் பாலைக் கொடுத்துடாதே, என் பேரனுக்கே பத்தலை, இதுல ஊருக்கெல்லாம் தானமா என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை, மூத்தவன் அப்போது குச்சிபோல இருப்பான். ஆனால் அந்தக் குழந்தை பாட்டிலைத் துப்பியது, துப்பித் துப்பி அழுதது, அழுகிற சத்தம் கேட்டதுமே இவளுக்குச் சுரந்து ரவிக்கை நனைந்துவிட்டது, அது இவள் பேச்சைக் கேட்டா சுரக்கிறது, மாமியார் பேச்சைக் கேட்டா அடங்குகிறது. மாமியார் குளிக்கப் போனதும் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். முட்டிமோதித் தேடிப் பிடித்துக்கொண்டான், மடக் மடக்கென்று ஒரு சத்தம், பசித்த வயிற்றின் சத்தம், ஒரு கை அவள் காது வளையத்தைப் பிடித்து இழுத்தபடி... தோளில் போட்டுத் தட்டினதும் பெரிய மனுஷன் போல ஏப்பம் விட்டான். பாட்டில் பாலைச் சாக்கடையில் ஊற்றினாள். திரும்பி வந்த ஹஜ்ரத் காலிப் பாட்டிலைப் பார்த்து, குடிச்சிட்டானா, அல்ஹம்துலில்லாஹ் என்று கண் கலங்கினார், இவளும் ஆமாம் என்றாள், பொய்யும் இல்லை, குடித்தான்தானே. பாப்பா பிறந்ததெல்லாம் அதற்கு எவ்வளவோ அப்புறம்.

இதை நெஞ்சுக்குள் வைத்துப் பூட்டியிருக்கலாம், கண்ணாடிக்காரியிடம் வாயைக் கொடுத்ததுதான் வினை. இவள் வேலை பார்க்கும் ரத்த வங்கியில் பக்கத்து மேசை, தடித்த கண்ணாடி, தங்கமான மனசு, இன்னொரு மத்ஹபான ஷாஃபிஈயைச் சேர்ந்த குடும்பம். யாரோ ஒருத்திக்கு நடந்ததுபோல ஜாடையாகக் கேட்டாள், கண்ணாடிக்காரி பையின் சீட்டை ஒட்டிக்கொண்டே, எங்களுக்கு அஞ்சு தடவை குடிச்சாத்தான், ஒன்னு ரெண்டுக்கெல்லாம் ஒன்னுமில்லை என்றாள், சர்வசாதாரணமாக. அந்த நிமிஷம் வயிற்றில் பால் வார்த்தது போலத்தான் இருந்தது, ச்சே, இந்தப் பாலுக்கு வேறு வார்த்தையே கிடையாதா. அவர்களும் முஸ்லிம்கள்தானே, அவர்களுடைய இமாமும் மகான்தானே, அங்கே கூடுகிற கல்யாணம் இங்கே எப்படிக் கூடாமல் போகும், ஒரு மாதத்துக்கு மட்டும், ஒரு நிக்காஹ் முடிகிற வரைக்கும் மட்டும் அந்தப் பக்கம் போய்விட்டு வந்தால்... அன்றிலிருந்து தொடங்கியது இந்த எண்ணல். மத்தியானம் ஒன்று. பொழுது சாயும்போது ஒன்று, இருந்தாலும் இருக்கலாம். நடுவில் விட்டுவிட்டுச் சிரித்தான், மறுபடியும் பிடித்தான், அது தனியா, சேர்த்தியா? மறுநாள் காலையில் மாமியார் காய்கறி வாங்கப் போனாரே, அப்போது... இல்லை, அப்போது கொடுக்கவில்லை. கொடுக்கவில்லையா, கொடுக்கவில்லை என்று வேண்டுமா? வேண்டியதை எடுத்துக் கொடுப்பதில் ஞாபகத்தைப் போலக் கெட்டிக்காரி கிடையாது. ஒரு மடக்கு போதும் என்கிற இடத்தில் எண்ணுகிற வேலையே இல்லை, அது ஒரு நிம்மதிதான், ஆனால் பாழாய்ப்போன நிம்மதி.

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள், கடைக்காரராக இருக்க வேண்டும், ஹஜ்ரத், இந்த நண்டு விஷயம், என்று இழுத்தார். நம்ம மத்ஹபுல கூடாதுன்னு தெரியும், ஷாஃபிஈல கூடுமாமே, பங்காளி விருந்துக்குக் கூப்பிட்டிருக்கான், ஒரு வேளைக்கு மட்டும் அதை எடுத்துக்கலாமா? ஹஜ்ரத் சிரிக்கிற சத்தம். தாராளமா ஷாஃபிஈ ஆயிடுங்க பாய், அவங்க வழியும் ஹக்கான, சரியான வழிதான், ஆனா அங்க வீட்டம்மா கை பட்டாலே ஒளு முறிஞ்சிடும், ஒவ்வொரு தடவையும் கை கால் கழுவிட்டுத்தான் தொழணும், பரவாயில்லையா? அய்யய்யோ, அது கஷ்டமாச்சே ஹஜ்ரத், சின்ன வீடு. அப்ப நண்டு மட்டும் அங்க, வீட்டம்மா மட்டும் இங்கயா? எல்லோரும் சிரித்தார்கள், திரைக்கு இந்தப் பக்கம் அவளும் தன்னை மறந்து சிரித்துவிட்டாள். ஹஜ்ரத்தின் குரல் பிறகு தணிந்தது, சிரமத்துக்கு இங்கிருந்து அங்க போவீங்க, அங்க சிரமம்னா இங்க வருவீங்க, ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால், கடைசில நீங்க பின்பத்துறது எந்த இமாமை, உங்க ஆசையைத்தானே? சிரிப்பு அவள் உதட்டிலேயே காய்ந்தது. எனக்கும் ஒரு நண்டு இருக்கிறது ஹஜ்ரத், அதற்கு உங்கள் மகன் என்று பேர்.

என்ன மனுஷன் இவர். ஆயிரம் பேர் கேட்கிறார்கள், ஒரு தடவைகூட நான் சொல்கிறேன் என்று சொல்லிக் கேட்டதில்லை, பெரியவங்க சொல்லியிருக்காங்க, இமாம் சொல்லியிருக்காங்க, அதோடு சரி. படித்த பையன் ஒருவன், சட்டை மடிப்புக் கலையாதவன், ஆயிரம் வருஷத்துக்கு முந்தினவங்க சொன்னதையே சொல்றீங்களே, உங்களுக்குச் சொந்தமா மூளை இல்லையா ஹஜ்ரத் என்று சபையிலேயே கேட்டானாம், இருக்குப்பா, அதை வச்சுத்தானே யாரை நம்பலாம்னு கண்டுபிடிச்சேன் என்றாராம், வீட்டுக்காரர் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இவளுக்குச் சிரிப்பைவிட வேறொன்று நெஞ்சில் தங்கிவிட்டது. எத்தனையோ தலைமுறையாக ஆயுள் முழுக்க அதே வேலையாக உட்கார்ந்து, ஒருத்தர் சொன்னதை அடுத்தவர் புரட்டிப் பார்த்து, தப்பிருந்தால் திருத்தி, அப்படி வந்து சேர்ந்த பாதையில் நடக்கிறவர், எனக்குத் தெரியலை, பார்த்துச் சொல்றேன் என்று சொல்லக் கூசாதவர், அவள் அத்தாவின் சொத்து விஷயத்திலேயே அப்படித்தான் சொன்னார், பார்த்தும் சொன்னார், அண்ணன் தம்பிகள் ஒருத்தரும் மறுபேச்சு பேசவில்லை. இந்தக் காலத்தில் ஆளாளுக்குக் கைபேசியைத் தட்டி ஆளுக்கொரு சட்டம் சொல்கிறார்கள், தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன், நடுவில் இப்படி ஒருத்தர் அடக்கமாக உட்கார்ந்திருப்பதே பெரிய பலம் இல்லையா. பலம்தான், அடுத்த வீட்டுக் காரியமாக இருக்கும் வரைக்கும்...

இவளுக்கு மட்டும் இது புதுசா என்ன. ரத்த வங்கியில் எத்தனை பெரிய டாக்டர் வந்து கத்தினாலும், குரூப் எனக்குத் தெரியும், பையைக் கொடும்மா என்று மேசையைத் தட்டினாலும், குழாயில் நோயாளி ரத்தத்தையும் பையின் ரத்தத்தையும் சேர்த்து விளக்குக்கு எதிரே சாய்த்துப் பார்க்காமல் இவள் ஒரு பையைக்கூட விட்டதில்லை, வழவழவென்று ஓடினால் சேரும், பொடிப்பொடியாகத் திரிந்தால் சேராது, தான் பார்த்தது போதாது, இன்னொரு கண்ணும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மூத்தவன் வண்டியிலிருந்து விழுந்து அடிபட்டு உள்ளே கிடந்த அன்றைக்கு அந்தக் குழாயை இவளேதான் பிடித்தாள், வேண்டாம், நீ தள்ளி உட்கார் என்று சொல்லியும் கேட்கவில்லை. சாய்த்தாள், வழவழவென்று ஓடியது, சத்தியமாக ஓடியது, சேருது என்று சொல்லியும் விட்டாள், கண்ணாடிக்காரி வாங்கிப் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள், இல்லைடி, திரியுது, இந்தா அடியில பாரு என்றாள். அடியில் மணல் போல இருந்தது. அது முதலிலேயே அங்கே இருந்ததுதான், இவள் கண்தான் பார்க்க மாட்டேன் என்றது. பெற்றவளின் கண். அன்றைக்குக் கண்ணாடிக்காரி மட்டும் இல்லையென்றால்... அதே கண்ணை வைத்துக்கொண்டுதானே இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறேன், மத்தியானம் ஒன்று, பொழுது சாயும்போது ஒன்று என்று.

மடியில் கைபேசி துடித்தது, பாப்பா, அம்மா எங்க இருக்கீங்க, தையல்கடையில் இளநீலமா வெள்ளையான்னு கேக்கறாங்க சீக்கிரம் சொல்லுங்க. எதைச் சொல்வது. பதில் போடாமல் கவிழ்த்து வைத்தாள். அந்தப் பக்கம் செருப்புச் சத்தங்கள் ஓய்ந்தன, யார் இருக்கீங்க அங்க, என்றார் ஹஜ்ரத். நான்தான் ஹஜ்ரத். அடடே, சம்பந்தியம்மாவா, வாங்க வாங்க, எங்க வீட்டம்மா கடைக்குப் போயிருக்கா, வர்ற நேரம்தான், உள்ளே உட்காராம இங்க எதுக்குக் கேள்வி கேக்கறவங்களோட... கேள்வி கேட்கத்தான் வந்தேன் ஹஜ்ரத். சொன்னாள். எதை முன்னால் சொன்னாள், எதைப் பின்னால் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை, மாமியாரையும் சொன்னாள், சாக்கடையில் ஊற்றிய பாலையும் சொன்னாள், காது வளையத்தைக்கூடச் சொன்னாள், அது எதற்கு, அதை யார் கேட்டார்கள். மின்விசிறி மட்டும் கடகடவென்று சுற்றியது. குடிச்சானா என்றார் ஹஜ்ரத், சட்டம் கேட்கிற குரல் இல்லை அது, வாசலில் குழந்தையோடு நின்றவரின் குரல். வாயில வச்சது மட்டும்தானா, இல்லை உள்ள போச்சா? இங்கேதான் இருந்தது கதவு, பாதி திறந்து, தெரியலை ஹஜ்ரத் என்று ஒரு வார்த்தை போதும், சந்தேகம் என்றால் தடை இல்லை என்பதையும் அந்த வெள்ளிக்கிழமையே அவர் சொல்லியிருந்தார். தெரியலை என்பது நாக்கு வரைக்கும் வந்தது. மடக் மடக். குடிச்சான் ஹஜ்ரத், என் காதால கேட்டேன்.

அலமாரிக் கதவு திறக்கிற சத்தம். மனப்பாடமாகத் தெரிந்த சட்டத்துக்கு எதற்குப் புத்தகம்... தாள்கள் புரண்டன, நின்றன, மறுபடி புரண்டன. யாராவது பார்த்தாங்களா தங்கச்சி? யாரும் பார்க்கலை. உங்க ஒருத்தர் சொல்லுக்கு மேல சாட்சி இல்லை, ஒருத்தர் சொல் மட்டும் தடைக்குப் போதாதுன்னு சட்டத்துல தனியா ஒரு பேச்சு இருக்கு, என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார், பெருமூச்சு திரையைத் தாண்டி வந்தது. இல்லை, இதை நான் சொல்லக் கூடாது. என் பிள்ளைங்கறதால எனக்கு அந்தப் பேச்சு ரொம்ப இனிக்குது, அதனாலயே நான் சொல்லக் கூடாது. பெரிய மதரஸா முஃப்தியைக் கேக்கறேன், யார் எவர்னு பேர் சொல்லாமக் கேக்கறேன், நம்ம மத்ஹபுல அவர் என்ன சொல்றாரோ அதை நீங்களும் கேட்டுக்கணும், நானும் கேட்டுக்கணும், சரியா? சரி ஹஜ்ரத், என்றாள், அழுகை அப்போதுதான் வந்தது, துக்கத்தில் வந்ததா, அவர்மேல் வந்த மரியாதையிலா, பிரிக்க முடியவில்லை. ஊரே யார் சொல்லைக் கேட்கிறதோ அவரும் ஒரு குழாயை அடுத்தவர் கையில் கொடுத்து நீ பார் என்கிறார், இவரைப் போய் இரண்டு நாளாகக் கல்நெஞ்சுக்காரராக இருப்பாரோ என்று மனசுக்குள் திட்டினேனே. போன் போட்டார், முஃப்தி பாடத்தில் இருக்கிறாராம், சாயங்கால அஸர் தொழுகை முடிந்து அவரே கூப்பிடுவாராம். இருங்க தங்கச்சி, ரெண்டு பேருமே காத்திருப்போம், என்றார் ஹஜ்ரத், மறுபடி தாள் புரளும் சத்தம், எதைத் தேடுகிறாரோ.

தலைத்துணியின் முனையால் கண்ணைத் துடைத்ததில் அது முழுசாக நழுவித் தோளில் விழுந்தது, எடுத்துப் போட்டுக்கொள்ளவும் தோன்றவில்லை. ஒரு மடக்கு, நானாகவா அந்த அளவைப் போட்டேன், ஐந்தும் நான் போட்டதில்லை, நான் போட்டது பால் மட்டும்தான், பசித்த குழந்தைக்குக் கொடுத்ததற்கு மறுமையில் கூலி உண்டு என்பார்கள், இங்கே என் பாப்பாவுக்கு என்ன பதில்... அவன் உருவம் கண்முன் வந்தது, ரத்த வங்கியின் குளிர்பெட்டி பழுதானால் அவன்தான் வந்து சரிசெய்வான், கருவிப்பெட்டியும் கையுமாக, தலை நிமிராமல், தகப்பனைப் போலவே. மீசை அரும்பிய நாளிலிருந்து இவள் அவன் எதிரே முக்காடு இல்லாமல் நின்றதில்லை, அவனும் இருமாமல் வந்ததில்லை, அந்நிய ஆண் அல்லவா, மடியில் கிடந்தவன் என்று மனசு சொன்னாலும் சட்டம் சட்டம்தானே என்று இத்தனை வருஷம்... உள்வாசல் பக்கம் இருமல் சத்தம் கேட்டது. அதே இருமல். அத்தை, நீங்க வந்திருக்கீங்கன்னு அத்தா சொன்னாங்க, தண்ணி கொண்டு வந்திருக்கேன், வரலாமா? கை பழக்கத்தில் தோளுக்குப் போய்த் துணியைப் பிடித்தது, தலைக்குக் கொண்டுவரத் தூக்கியது, காதருகே வந்து நின்றுவிட்டது. இழுத்து மூடு என்று சொல்லிப் பார்த்தாள். பால் குடித்த மகன் எதிரே முக்காடு தேவையில்லை, மருமகனாக வரப்போகிறவன் என்றால் நிக்காஹ் முடியும் வரை மூடத்தான் வேண்டும், முஃப்தி இன்னும் கூப்பிடவில்லை, அந்தப் பக்கம் தாள் இன்னும் புரண்டுகொண்டுதான் இருக்கிறது, இன்னும் ஒன்றும் முடியவில்லையே, மூடேன்... கை அசையவில்லை. அத்தை, வரலாமா, என்றான் மறுபடியும், குரலில் லேசான சிரிப்பு. வாப்பா, என்றாள். கை துணியை விட்டுவிட்டதை அப்புறம்தான் பார்த்தாள்.